பனியை எதிர்த்து நிற்கும் ரோஜா

ஒட்டு ரோஜாவின் அடியிலிருந்து காட்டுத் தளிர் கிளம்பினால், அதைக் கிள்ளி எறிய வேண்டும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவர். கனடா நாட்டுத் தோட்டக்காரருக்கோ இது பெரும் நஷ்டமாகவே முடிவதுண்டு. ஆட்டவா நகரில் சில குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ஒட்டின் மேற்பகுதி மடிய, வேர்ச்செடி மட்டும் பிழைத்திருக்கும். வசந்தத்தில் துளிரைக் கண்டு மகிழ்பவர், விலை கொடுத்து வாங்கிய மலருக்குப் பதிலாக வேறொரு மலரைக் காண்பார்!

குற்றம் பரம்பரையில் உள்ளது. மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பை இக்கால ரோஜாக்களுக்கு அளித்தவை சீன நாட்டு ரோஜாக்கள். அவை ஆழ்ந்த உறக்கம் அறியாதவை. குளிர்நாட்டுச் செடியோ இலையுதிர் காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி, தண்டு முற்றி, உறங்கிவிட வேண்டும். இளந்தண்டு உறைந்து கருகிவிடும். ஆகவே, கோடை இறுதியில் தழைச்சத்து உரம் இடலாகாது, கவாத்தும் செய்யலாகாது. அடித்தண்டைச் சுற்றி ஓரடி உயரம் மண் அணைத்து வைப்பதும் வழக்கம். ஆனால் ஆண்டுதோறும் மூடித் திறக்கும் இவ்வேலை எத்தனை பேருக்கு இயலும்?

வியன்னாவில் பிறந்த பெலிசிட்டாஸ் ஸ்வெய்டா அம்மையார், ஆட்டவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் 1961-ஆம் ஆண்டில் இதற்கு வேறு வழி தேடலானார். நாற்றுகளுக்கு அவர் மூடாக்கு இடவில்லை. பனியில் மடிந்தவை மடியட்டும் என விட்டு, எஞ்சியவற்றையே தேர்ந்தார். வடகிழக்கு ஆசியாவின் கடற்கரை மணலில் வளரும், சுருக்க இலைகளையுடைய ருகோசா ரோஜா அவருக்குப் பெரிதும் உதவிற்று. ஜெர்மனியில் தோன்றிய கோர்டெசி ரோஜாவையும் பின்னர்ப் பயன்படுத்தினார்.

போத்து நட்டால் எளிதில் வேர்விட வேண்டும் என்பதையும் அவர் கருத்திற் கொண்டார். சொந்த வேரில் நிற்கும் செடி தரைமட்டம்வரை கருகினாலும், மறுபடி துளிர்ப்பது அதே ரோஜாதான். என் கருத்தில் உண்மையான வெற்றி இதுவே.

முதல் இரகமான மார்ட்டின் புரோபிஷர் 1968-இல் வெளிவந்தது. கனடாவை ஆராய்ந்தோர் பலரின் பெயர்கள் இந்த வரிசைக்குச் சூட்டப்பெற்றன. 1974-இல் வந்த யென்ஸ் முங்க் என்பதன் பெயருக்குரியவர், 1619-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹட்சன் விரிகுடாவில் சிக்கி, அறுபதுக்கு மேற்பட்டோரில் மூவராக மீண்டவர். 1983-இல் வந்த வில்லியம் பாபின் என்ற கொடி ரோஜா, மூடாக்கின்றியே உயர்ந்து பூக்கிறது.

கடைகளில் விற்கும் நீண்ட காம்பும் கூரிய மொட்டும் இவற்றில் இல்லை. அவற்றை விரும்புவோர் இன்றும் மண் அணைத்தே தீர வேண்டும்.