அழித்தாலும் அழியாத கணக்கு: 'எடிட் லாக்' உங்களுக்கு ஏன் முக்கியம்?

ஆபீஸில் ஒரு பில் போடுகிறீர்கள். அந்த ஒரே பதிவு ஸ்டாக்கைக் குறைக்கும், வாடிக்கையாளரின் பாக்கியைக் கூட்டும், ஜிஎஸ்டி கணக்கிலும் ஏறும். இப்படித் தகவலை வாங்கி, சரிபார்த்து, சேமித்து, அறிக்கையாகத் தரும் மொத்த ஏற்பாடுதான் கணக்கியல் தகவல் அமைப்பு. சாஃப்ட்வேர் அதில் ஒரு பகுதிதான். ஆட்களும் விதிகளும் சேர்ந்தால்தான் முழுமை.

நடுவில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும்? 2018-ல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியைப் பாருங்கள். மும்பை கிளையிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக உத்தரவாதக் கடிதங்கள் போயின. ஆனால் ஸ்விஃப்ட், வங்கியின் மையக் கணக்கு அமைப்போடு இணைக்கப்படவில்லை. கடிதம் போனது, கணக்கில் பதிவு இல்லை. மோசடித் தொகை 13,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

பதிவே இல்லாதது ஒரு ஆபத்து. பதிந்ததைச் சத்தமில்லாமல் திருத்துவது இன்னொன்று. அதற்குத்தான் எடிட் லாக். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியக்கூடாது. பொதுவாக, திருத்தியவரின் யூசர் பெயரும் அதில் ஏறும்.

அதனால, "சும்மா ஒரு என்ட்ரிதான்"னு யார் கேட்டாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க. தட்டியது யாரா இருந்தாலும், லாகில் நிற்கப்போறது உங்க பேர்.