இருபது நிமிடக் காவல்

இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் படை இறங்கியதோ அதற்குத் தெற்கே, சலெர்னோ வளைகுடாவில். 1943 செப்டம்பர் 9 அதிகாலை அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் அங்கே கரையேறின. இன்னும் வடக்கே இறங்கியிருந்தால் ஜெர்மானியரின் பின்பக்கத்தையே அடைத்திருக்கலாம். ஆனால் சிசிலியிலிருந்து கிளம்பும் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் அவ்வளவு தூரம் போய்த் திரும்பாது. இடத்தை முடிவு செய்தது பெட்ரோல் டாங்க் என்றே சொல்லலாம்.

சலெர்னோவே எட்டாத குறைதான். சிசிலித் தளங்களிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். கூடுதல் டாங்கைக் கட்டிக்கொண்டு வந்தாலும் ஸ்பிட்ஃபயர் கரைக்கு மேலே சுற்ற முடிந்தது ஏறத்தாழ இருபது நிமிடம். சண்டை மூண்டால் அதுவும் இல்லை. இரட்டை எஞ்சின் லைட்னிங் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே தலைக்கு மேல் ஓர் அணி நிற்க, இன்னொன்று வந்துகொண்டும் வேறொன்று திரும்பிக்கொண்டும் மற்றொன்று எண்ணெய் நிரப்பிக்கொண்டும் இருக்க வேண்டும். நூறு விமானம் இருக்கிறது என்றால் நூறும் வானத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பிரிட்டிஷ் அட்மிரல் வியன் நான்கு சிறிய விமானந்தாங்கிகளையும் ‘யூனிகார்ன்’ கப்பலையும் கொண்டுவந்தார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட ‘சீஃபயர்’கள், அதாவது கப்பலுக்கென மாற்றிய ஸ்பிட்ஃபயர்கள். பகை வானத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள்; அது கப்பல் தளத்திலேயே காத்திருந்தது. விமானம் கப்பலில் இறங்க எதிர்காற்று வேண்டும். அந்த நாட்களில் காற்றே இல்லை. சிறிய கப்பல்களோ மெதுவாக ஓடுபவை. வலுவற்ற சக்கரக் கால்களுடன் வேகமாக வந்து விழுந்த சீஃபயர்கள் ஒடிந்தன. உந்துவிசிறிகள் தளத்தில் இடித்துச் சிதறின. விசிறி நுனியைக் கொஞ்சம் அறுத்துவிட்டுக்கூடப் பறந்து பார்த்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட சீஃபயர்கள் இறங்கும்போதே நாசமாயின. அவை சுட்டு வீழ்த்திய எதிரி விமானங்கள் இரண்டே இரண்டு.

இந்தக் கணக்கை வைத்துக் காவலே வீண் என்பது அவசரத் தீர்ப்பு. குண்டு வீச வருபவனைக் கலைத்து, குறி தவறவைத்து ஓட்டிவிட்டாலே காவல் வேலை முடிந்தது. ஆனால் உயரே பறந்த ஜெர்மன் டோர்னியர் குண்டுவீச்சு விமானங்கள் ரேடியோவால் திருப்பும் ‘ஃபிரிட்ஸ் எக்ஸ்’ குண்டை வீசின. செப்டம்பர் 11 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ‘சவானா’வில் அது விழுந்து சுமார் 200 பேர் மாண்டனர்.

உண்மையான தவறு திட்டத்தில் இருந்தது. கரையருகே இருந்த மோன்டெகோர்வினோ விமானதளம் உடனே கைக்கு வரும், அதன்பின் கப்பல்கள் கிளம்பிவிடலாம் என்று நம்பினார்கள். தளம் கைக்கு வந்தது; ஜெர்மன் பீரங்கிகளோ அதைக் குறிவைத்தபடியே இருந்தன. 12ஆம் தேதி, பேஸ்டம் அருகே அவசரமாகப் போட்ட மண் ஓடுதளத்தில் சீஃபயர்களை இறக்கினார்கள்.

அடுத்த ஆண்டு நார்மண்டியில் அந்த நம்பிக்கையோடு யாரும் உட்காரவில்லை. பொறியாளர் படையும் கரையேறிப் புதிய ஓடுதளங்களைப் போட்டது. படை இறங்கி நான்கு நாள் கழித்து, 1944 ஜூன் 10 அன்று, ஸ்பிட்ஃபயர்கள் பிரெஞ்சு மண்ணிலேயே இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு பறந்தன.