நோய் நீங்கிய பின்னும் நின்ற மருந்து

கணிப்பொறியின் செயலி ஓயாது உழைப்பது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. நாம் ஓர் எழுத்தைத் தட்டுவதற்கும் அடுத்ததைத் தட்டுவதற்கும் இடையே அதற்குப் பெரும்பாலும் வேலை இராது. அவ்வேளையில் அதனை உறங்கச் செய்து மின்சாரத்தைச் சேமிப்பது, இயக்க முறைமையின் உட்கருவுக்குரிய கடமைகளுள் ஒன்று.

அவ்வுறக்கத்திலும் படிகள் உண்டு. மெல்லிய துயிலிலிருந்து செயலி விரைவில் விழிக்கும். ஆயின் மிச்சமாகும் மின்சாரம் சிறிது. ஆழ்ந்த துயிலில் மிச்சம் பெரிது. ஆயின் விழிக்கக் காலம் பிடிக்கும். முன்னர் எவ்வளவு நேரம் உறங்கியது என்பதையும் கருதி, ஏற்ற படியை உட்கரு தேர்ந்தெடுக்கிறது.

லினக்ஸ் உட்கருவில் இது தொடர்பாக நிகழ்ந்த ஒரு பிழையையும், அது திருத்தப்பட்ட வகையையும் ஈண்டுக் கூற விழைகிறேன்.

2002ஆம் ஆண்டளவில் வழங்கிய சில கணிப்பொறிகளில், செயலிக்குத் துணை நிற்கும் சில்லுத் தொகுதியில் ஒரு குறை இருந்தது. உறங்கும்படி கட்டளை பிறந்த பின்னும், அது செயலியை உடனே நிறுத்தாது. அவ்விடைவெளியில் செயலி மேலே சென்றுவிடும். இதைத் தடுக்க, உறங்கும் கட்டளையின் பின் ஒரு வெற்றுச் செயலைச் சேர்த்தனர்: காலங்காட்டும் கருவி ஒன்றின் எண்ணைப் படித்து, அதனைப் பயன்படுத்தாது விட்டுவிடுதல். அவ்வாசிப்பு மெதுவாக நிகழ்வதால் இடைவெளி நிரம்பியது, குறையும் மறைந்தது.

ஆண்டுகள் சென்றன. குறையுடைய சில்லுகள் வழக்கொழிந்தன. இன்டெல் நிறுவனத்தின் புதிய செயலிகள் உறங்குவதற்கு வேறு வழியைப் பெற்றன. ஆனால், ஏஎம்டி நிறுவனத்தின் புதிய செயலிகள் பழைய வழியில் உறங்க நேர்ந்தபோதெல்லாம், தமக்கு வேண்டாத அந்த வாசிப்பையும் செய்துகொண்டிருந்தன. அதற்கு ஆயிரக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் வீணாயின. அன்றியும், அந்நேரம் உறக்கக் கணக்கிலே சேர்ந்தமையால், செயலி நெடிது உறங்கியதாக உட்கரு மயங்கி, மேலும் ஆழ்ந்த துயிலையே நாடியது. வேலையும் ஓய்வும் விரைந்து மாறிவரும் பணிகளில் வேகம் குன்றியது.

2022ஆம் ஆண்டில் ஏஎம்டி பொறியாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். அந்த வெற்றுச் செயலை அடியோடு நீக்கிவிடலாமே எனின், பழைய பொறி ஏதேனும் எங்கேனும் அதனை நம்பியிருத்தல் கூடும். ஆதலின், இன்டெல் செயலிகளுக்கு மட்டும் அது நிகழுமாறு வரம்பிடப்பட்டது. புதிய இன்டெல் செயலிகள் அவ்வழியே செல்லாமையால், நடைமுறையில் அது பழைய பொறிகளோடு நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 6.0 பதிப்பில் இத்திருத்தம் இடம்பெற்றது. திருத்தமோ சில வரிகளே. பிழை நின்றதோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

மழையில் ஒழுகிய ஒரு வகுப்பறைக்காகப் பிறந்த ஆணை, கூரையைச் செப்பனிட்ட பின்னும் பல்லாண்டு வழங்கியதைப் பள்ளியில் நான் கண்டதுண்டு. ஏன் என்று கேட்பார் இல்லை. கேட்டாலும் விடையறிந்தார் இல்லை. ஆகவே, ஒரு குறைக்கு மாற்றுச் செய்வோர், அஃது எக்குறைக்காக, எப்பொருளுக்கு, எதுவரை என்பதையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். பின் வருவோர் அதனை அவ்வப்போது எடுத்துப் பார்த்தலும் வேண்டும். மருந்துக்கும் அளவும் காலமும் உண்டன்றோ?