பால் டின்னும் நூறடிப் படகும்

நான் தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தானே செய்த நீராவிப் படகு ஒன்றைக் கொண்டுவந்தான். காலி பால் டின்தான் கொதிகலன். அதன் வாயை ஈயம் வைத்து அடைத்து, பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டிருந்தான். துளைக்கு எதிரே தகரத்தை வெட்டி வளைத்த ஒரு சக்கரம். சக்கரத்தின் அச்சு நுனியில் படகைத் தள்ளும் சின்ன விசிறி.

மெழுகுவர்த்தியை ஏற்றினோம். தண்ணீர் கொதித்ததும் சக்கரம் விர்ரென்று சுழன்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். படகை வாளித் தண்ணீரில் விட்டதும் சக்கரம் நின்றுபோயிற்று.

"ஏன் ஐயா?" என்று கேட்டான். "ஆவி போதவில்லை தம்பி, நெருப்பைக் கூட்டு" என்றேன்.

இதைவிடப் பிழையான பதிலை என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆணித்துளையில் ஒரு துரும்பு அடைத்தால் போதும், டின் வெடித்துவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள். இரண்டாவது, படகு நின்றதற்குக் காரணம் ஆவிக் குறைவு அல்ல.

நீராவியால் சுழலும் இப்படிப்பட்ட சக்கரத்தை டர்பைன் என்கிறோம். கொஞ்சம் அழுத்தமுள்ள ஆவி, நல்ல துவாரத்தின் வழியே நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாயக்கூடும். சக்கரத்தின் விளிம்பு அந்த வேகத்தில் ஏறக்குறையப் பாதியில் ஓடினால்தான் முழுப் பலன் கிடைக்கும். சக்கரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 38,000 சுற்று வருகிறது! தண்ணீரிலே ஓடும் விசிறிக்கோ ஓராயிரம் சுற்றே அதிகம். ஒன்று பறக்கத் துடிக்கிறது, மற்றது நடக்க விரும்புகிறது. இரண்டையும் ஒரே அச்சில் பூட்டினால் என்னவாகும்? படகுக்கு டர்பைன் செய்ய நினைக்கிற எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

முட்டிக்கொண்டவர்களில் பெரியவர் சார்லஸ் பார்சன்ஸ். 1884-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுக்க டர்பைன் செய்தவர். ஆவியின் வேகத்தை ஒரே சக்கரத்தில் பிடிக்காமல், பல வரிசைத் தகடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். நம் பேராக் ஆற்றையே பாருங்களேன். தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று அணைக்கு அணை நின்று, ஒவ்வொன்றிலும் டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தானே கீழே வருகிறது! அதே உபாயம்தான்.

பிறகு அவருக்குப் படகு ஆசை வந்தது. முதலில் சின்ன மாதிரிப் படகுகளைக் குளத்தில் விட்டுப் பார்த்தார். விசிறியைச் சுழற்றியது எது தெரியுமா? முறுக்கிய ரப்பர் கயிறு! (நம் தோட்டத்து ரப்பர் என்று பெருமைப்பட முடியாது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகள் மரமாகி நின்றாலும், மலாயாவில் ரப்பர் அப்போது வியாபாரமாகவில்லை.)

1894-இல் நூறடி நீளமும் ஒன்பதடி அகலமும் உள்ள 'டர்பினியா' தண்ணீரில் இறங்கியது. ஒரே டர்பைன், ஒரே அச்சு. எவ்வளவு முயன்றும் வேகம் மணிக்கு 37 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பார்சன்ஸ் "நெருப்பைக் கூட்டு" என்று சொல்லவில்லை. கண்ணாடிப் பலகணி வைத்த தண்ணீர்த் தொட்டி ஒன்று செய்து, அதற்குள் விசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். அளவுக்கு மீறிய வேகத்தால் தகடுகளின் பின்னால் குமிழ்கள் கிளம்பி, விசிறி தண்ணீரைத் தள்ளாமல் வெற்றிடத்தில் சுழன்றுகொண்டிருந்தது தெரிந்தது.

படகைப் பிரித்து மறுபடி பூட்டினார். ஆவி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் மூன்று டர்பைன்கள், மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள். வேகம் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர்! 1897 ஜூன் 26-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படை அணிவகுத்து நின்றபோது, டர்பினியா அந்தக் கப்பல் வரிசைகளுக்கிடையே புகுந்து ஓடியது. விரட்டிய படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. 1906-இல் 'டிரெட்நாட்' போர்க்கப்பலே டர்பைனில் ஓடிற்று. டர்பினியாவை இன்றும் நியூகாசில் நகர அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஆனால் 1926-இல் கட்டப்பட்டு, நாகப்பட்டினத்திலிருந்து நம் பாட்டன் பாட்டிகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்த 'ரஜூலா' பழைய பிஸ்டன் எஞ்சினிலேயே ஓடியது. நிதானமாகப் போகும் கப்பலுக்கு அது போதும். மெதுவான கப்பலிலும் டர்பைனை வைக்கலாம் என்று பார்சன்ஸே 1910-இல் 'வெஸ்பேசியன்' என்ற பழைய சரக்குக் கப்பலில் காட்டினார். டர்பைனுக்கும் விசிறிக்கும் நடுவே பல்சக்கரங்களைப் பூட்டி வேகத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் படித்தறியச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. அந்தப் பையனின் குடும்பமும் எங்கோ போய்விட்டது. இப்போதைய பிள்ளைகளுக்கு நெருப்பே இல்லாமல் செய்து காட்டுகிறேன். ஊதிய பலூனின் காற்று தகரச் சக்கரத்தைச் சுழற்றும். உடைந்த பொம்மைக் காரின் பல்சக்கரங்கள் இடையில் நிற்கும். பலூன் சுருங்குவதற்குள் படகு ஒரு சாண் தூரம் நகர்ந்துவிடும்.

அவனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்தப் பக்கம் அவன் கண்ணில் பட்டால்: தம்பி, உன் சக்கரத்தில் குறையில்லை. நடுவே இரண்டு பல்சக்கரம் வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கும் தெரியாது.