வழிகாட்டி ஆர்.என்.ஏ
வழிகாட்டி ஆர்.என்.ஏ என்பது டிரிப்பனோசோமா, லீசுமேனியா போன்ற ஒருசெல் ஒட்டுண்ணிகளின் இழைமணியில் காணப்படும், புரதமாக மொழிபெயர்க்கப்படாத சிறிய ஆர்.என்.ஏ மூலக்கூறு ஆகும். ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா புரூசியில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

இவ்வொட்டுண்ணியின் இழைமணி டி.என்.ஏ, பெருவளையங்களும் சிறுவளையங்களும் சங்கிலிபோல் கோத்த வலையாக உள்ளது. பெருவளைய மரபணுக்கள் பலவற்றின் செய்தி ஆர்.என்.ஏ-வில் யூரிடின்கள் விடுபட்டிருக்கும்; அந்நிலையில் அதிலிருந்து சரியான புரதம் உருவாகாது.

1986 இல் இராப் பென்னே குழுவினர், மரபணுவில் இல்லாத 4 யூரிடின்கள் செய்தி ஆர்.என்.ஏ-வில் இருப்பதைக் கண்டறிந்தனர். இத்தகவல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, 1990 இல் லாரி சிம்ப்சன் குழுவினர் கண்டறிந்த வழிகாட்டி ஆர்.என்.ஏ விடையளித்தது.

பெரும்பாலும் சிறுவளையங்களிலிருந்து படியெடுக்கப்படும் இது, செய்தி ஆர்.என்.ஏ-வுடன் இணைந்து, யூரிடினைச் சேர்க்க அல்லது நீக்க வேண்டிய இடங்களைக் காட்டுகிறது. நொதிகள் அவ்விடத்தில் இழையை வெட்டி, திருத்தி, மீண்டும் ஒட்டுகின்றன. டிரிப்பனோசோமா புரூசியின் காக்சு3 செய்தியில் 547 யூரிடின்கள் சேர்க்கப்பட்டு 41 நீக்கப்படுகின்றன; முதிர்ந்த செய்தியில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வாறு சேர்ந்தவையே.

குருதியில் வாழும் ஒட்டுண்ணிக்கும் இத்திருத்தம் இன்றியமையாதது. மனித செல்களில் இம்முறை இல்லை. எனவே இதற்கான நொதிகள் மருந்து ஆய்வில் இலக்குகளாகக் கருதப்படுகின்றன.