26-ஆல் வகு!

இயந்திரத்தின் கையெழுத்து – 9

இந்த வாரம் ஆஸ்திரேலிய அரசுத் துறைகளில் செயற்கை நுண்ணறிவுக்கான ‘பொறுப்பு அதிகாரி’ பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் 26 என்ற எண் வந்து வழிமறித்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகை வாங்குபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் சம்பாத்தியத்தை சென்டர்லிங்க் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வரித் துறையிடம் இருப்பதோ வருஷக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட, 2015-ல் தொடங்கிய ஒரு திட்டம் சுருக்குவழி பிடித்தது: வருஷ வருமானத்தை 26-ஆல் வகு. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘ரோபோடெட்’.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாணவி ஆறு மாதம் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறாள். பிறகு வேலை கிடைக்கிறது, உதவித்தொகை நிற்கிறது, அடுத்த ஆறு மாதத்தில் 26,000 டாலர் சம்பாதிக்கிறாள். எதையும் ஒளிக்கவில்லை. இயந்திரம் வகுக்கிறது: இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர், வருஷம் முழுக்க! ஆக, கையில் காசில்லாத காலத்திலும் அவள் சம்பாதித்திருக்கிறாள், மறைத்திருக்கிறாள், திருப்பிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடியெடுத்து நிரூபிப்பது அவள் பாடு.

சராசரி பார்ப்பது முன்பும் உண்டு. ஆனால் நடுவில் ஓர் அலுவலர் உட்கார்ந்திருப்பார். சந்தேகம் வந்தால் வேலை கொடுத்தவரிடம் விசாரிப்பார். அவரை எழுப்பிவிட்டார்கள். வருஷத்துக்குச் சுமார் 20,000 என்றிருந்த கடிதங்கள் வாரத்துக்கு 20,000 ஆயின.

வீட்டில் இதைச் சொன்னதும் எட்டாவது படிக்கும் மகள், “ஏம்ப்பா, 26 ரெண்டு வாரம்னா 364 நாள்தானே? மீதி ஒரு நாள் எங்கே?” என்றாள். முழித்தேன்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் டெர்ரி கார்னி, இப்படி வகுத்துக் கடனை நிரூபிக்க முடியாது என்று 2017-லேயே தீர்ப்பெழுதினார். அரசு அப்பீலுக்குப் போகவில்லை. போயிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும்; தீர்ப்பாயத்தின் கீழ்ப்படித் தீர்ப்புகள் அப்போது வெளியிடப்பட்டதில்லை. சாமர்த்தியம்தான்! அவருடைய பதவிக்காலமும் நீட்டிக்கப்படவில்லை. 2019 நவம்பரில்தான் வண்டி நின்றது; அதே மாதம் ஃபெடரல் நீதிமன்றமும் ஒரு வழக்கில் இப்படி வகுத்துப் போட்ட கடன் செல்லாது என்றது. 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 57 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, 2024 செப்டம்பர் 1-ல், அரசுத் துறைகள் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துவதற்கான கொள்கை நடைமுறைக்கு வந்தது. 90 நாளில் துறைதோறும் பொறுப்பு அதிகாரி. ஆறு மாதத்தில் வெளிப்படை அறிக்கை. நல்லதுதான். ஆனால் வரையறையைப் படித்தபோது பேனா நின்றுவிட்டது. உள்ளீட்டிலிருந்து தானே ஊகித்து முடிவுகளைத் தருவதுதான் செயற்கை நுண்ணறிவாம். ரோபோடெட் எதையும் ஊகிக்கவில்லை, வகுத்தது. என் வாசிப்பில், அத்தனை பேரை அலைக்கழித்த அந்த வகுத்தல் இந்த வலையில் விழாது.

பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் போனில் நிற்கிறார். பொறுப்பு அதிகாரி அடுத்த வாரம் கட்டாயம் வருவார்.