குறியும் வேகமும் – 5: முதல் போட்டி நாள்

1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில், ஜெஃப் கூப்பரை முதல் தலைவராகக் கொண்டு ஐ.பி.எஸ்.சி. என்னும் துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டு அமைப்பு உருவான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். துல்லியம், வலு, வேகம் மூன்றையும் ஒன்றாகச் சோதிக்க வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. அதன் அமெரிக்கக் கிளையான யூ.எஸ்.பி.எஸ்.ஏ.வின் கிளப் போட்டிகள் பல ஊர்களில் வார இறுதியில் நடக்கின்றன. அங்கே முதன்முதலாகக் களமிறங்குபவரோடு இந்த வாரம் நடந்து பார்ப்போம்.

ஒலிம்பிக்கில் சுடுபவர் நின்ற இடத்திலிருந்து சுடுகிறார். இங்கே அவர் ஓட வேண்டும். மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய திடல். உள்ளே தடுப்புச் சுவர்கள், அட்டைக் குறிகள், குண்டு பட்டால் சாயும் இரும்புத் தகடுகள். எதை எங்கிருந்து சுடுவது, எங்கே மேகசின் மாற்றுவது என்பதெல்லாம் அவரவர் முடிவு. அதற்காகச் சில நிமிடங்கள் திடலைச் சுற்றிவர அனுமதிப்பார்கள். அனுபவசாலிகள் அப்போது வெறுங்கைகளை நீட்டிக் குறிபார்த்தபடி நடப்பார்கள். புதியவர் மனத்தில் நிற்கும் எளிய திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டு, கடைசிவரை அதை மாற்றாமல் இருந்தால் போதும்.

அதுவரை துப்பாக்கி தோட்டாவின்றி இடுப்பு உறையில்தான் இருக்கும். ரேஞ்ச் ஆபீசர் ‘மேக் ரெடி’ என்ற பிறகே அதைத் தொட்டுத் தோட்டா ஏற்றலாம். ‘ஆர் யூ ரெடி?’, ‘ஸ்டாண்ட் பை’. அடுத்து டைமரின் பீப் ஒலி. அந்த நொடியில் கை பதறும், திட்டம் மறக்கும்.

விதிகள் இந்தப் பதற்றத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. குழல்வாய் 180 பாகைக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால் போட்டியிலிருந்து நீக்கம். துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும் நீக்கம். நகரும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரல் விசை வளையத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். வலக்கைக்காரர் இடப்புறம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றுவதில் ஆபத்து அதிகம். உடல் ஓடும் திசைக்குத் திரும்பும்போது குழலும் கூடவே போகப் பார்க்கும். உலக சாம்பியனுக்கும் இந்த விதிகளில் சலுகை கிடையாது.

மதிப்பெண் முறையும் அவசரத்தைத் தண்டிக்கிறது. அட்டையின் நடுவிலுள்ள ‘ஏ’ பகுதிக்கு 5 புள்ளி. விலக விலகப் புள்ளி குறையும். குறி தவறினால் 10 புள்ளி கழியும். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ‘ஹிட் ஃபாக்டர்’. 12 குண்டுகளையும் ‘ஏ’ பகுதியில் பதித்து 20 நொடியில் முடித்தவருக்கு 60 புள்ளி. ஹிட் ஃபாக்டர் 3. 18 நொடியில் முடித்து ஒரு குண்டைத் தவறவிட்டவருக்கு 45 புள்ளிதான்; ஹிட் ஃபாக்டர் 2.5. இரண்டு நொடி முந்தியும் அவர் பின்தங்கிவிட்டார்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கியைக் காலிசெய்து ரேஞ்ச் ஆபீசருக்குக் காட்டி, உறையில் செருக வேண்டும். அதன்பின் எல்லாருமாகச் சேர்ந்து அட்டைத் துளைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். சாய்ந்த தகடுகளை நிமிர்த்துவார்கள். அடுத்தவரின் திடலைத் தயார்செய்வது போட்டியாளரின் கடமை. புதியவருக்கு நல்ல ஆலோசனைகள் கிடைப்பதும் இந்த வேலையின் நடுவேதான்.

முதல் போட்டியில் புதியவரின் பெயர் பட்டியலின் அடியில் இருக்கலாம். அதில் வருத்தப்பட எதுவுமில்லை. நீக்கப்படாமல் நாளை முடித்தவரை, தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு நம்பலாம் என்று மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வேகம் பயிற்சியில் தானாகக் கூடும். இந்த நம்பிக்கையை முதல் நாளிலேயே சம்பாதிக்க வேண்டும். இந்த விளையாட்டே அதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்த வாரம்: குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வலுவை அளக்கும் ‘பவர் ஃபாக்டர்’.

(தொடரும்)